கால்நடைகளில் பரம்பரை நொதிக்குறை நோய்கள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் குடியானவர்களிடையே வழங்கும் பழமொழி. நாற்றங்காலைப் பொறுத்தவரையில் இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் கன்றுகாலிகளைப் பொறுத்தவரையில் எப்பொழுதும் அப்படிச் சொல்வதற்கில்லை. பிறந்த அன்றே துள்ளி எழுந்து, தாயின் மடியை முட்டிப் பால் குடித்து, பார்ப்பவர் மெச்சும்படி வளரும் கன்று, சில மாதங்கள் கழித்துத் தலை நடுங்கி, கால் தள்ளாடி, ஒரு வயது நிரம்புவதற்குள் மாண்டு போவதுண்டு. தீனியில் குறைவில்லை, கொட்டிலில் தொற்று நோய் ஒன்றுமில்லை, ஈன்ற பசுவும் சேர்த்த காளையும் திடகாத்திரமாகவே இருக்கின்றன. அப்படியிருக்க இந்த நஷ்டம் எங்கிருந்து வந்தது என்று சொந்தக்காரர் திகைப்பது இயல்பே.

இவ்விதம் நேரும் சாவுகளில் ஒரு பகுதி, கன்றின் உடலில் இருக்கவேண்டிய நொதிப்பொருள் ஒன்று பிறப்பிலேயே இல்லாமற் போனதால் உண்டாவதாகும். மருந்தினால் தீராத இந்த நோயைப் பொலிகாளையைத் தெரிந்தெடுப்பதால் மட்டும் ஒரு தேசம் முழுவதிலும் அடக்கிக் காட்டியிருக்கிறார்கள். அவ்விதம் செய்த முறையையும், அதிலிருந்து நம் மாடு ஆடு வளர்ப்போர் அறிந்துகொள்ளவேண்டிய விஷயங்களையும் இங்கே விவரிப்போம்.

ஆங்கஸ் மாடுகளில் கண்ட நோய்

அபர்டீன் ஆங்கஸ் என்பது ஸ்காட்லாந்து தேசத்தின் வடகிழக்குப் பகுதியில் தோன்றிய, கொம்பில்லாத கறுப்பு மாட்டு ஜாதி. இறைச்சிக்குப் பேர்போனது. ஆகையால் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் மிகுதியாகப் பரவிற்று. இந்த ஜாதிக் கன்றுகளிடையே ஒருவித நரம்பு நோய் இருப்பதை ஆஸ்திரேலியாவில் 1957-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார்கள்.

நோயுற்ற கன்று முதலில் ஓடும்போது பின்கால்களை அகற்றி வைத்துத் தள்ளாடும். நாளடைவில் நிற்கும்போதே தலை பக்கவாட்டில் மெல்ல நடுங்கும். சில கன்றுகள் மேலும் கீழுமாகத் தலையை அசைக்கும். மந்தையோடு ஓட்டிச் சென்றாலும், பிடித்துக் கட்டினாலும் நடுக்கம் அதிகரிக்கும். வளர்ச்சி குன்றும். சாதுவாக இருந்த கன்று முட்டவும் வரும். இந்த அடையாளங்கள் பிறந்த சில வாரங்களிலும் தோன்றலாம். பல மாதங்கள் சென்றும் தோன்றலாம். பெரும்பாலான கன்றுகள் ஒரு வயதை எட்டுவதற்கு முன்னரே, நடக்கமாட்டாமல் விழுந்தோ, குட்டையிலும் பள்ளத்திலும் அகப்பட்டோ, உடல் தேய்ந்தோ இறந்துவிடும்.

இறந்த கன்றின் மூளையையும் நிணக்கட்டிகளையும் பூதக்கண்ணாடியில் பரிசோதித்தபோது, உயிரணுக்கள் நுரை கட்டியதுபோல் சிறு சிறு குமிழ்களால் நிரம்பியிருப்பது காணப்பட்டது. குமிழ்களில் இருந்த பொருள் இன்னதென்பது நெடுநாள் விளங்கவில்லை. 1972-ஆம் ஆண்டில் நியூஸிலாந்தில் பாமர்ஸ்டன் நார்த் நகரிலுள்ள மாஸி ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாக்கிங், ஜாலி, பாட் என்னும் மூவர் இதன் காரணத்தை வெளியிட்டனர். ஆல்பா மானோஸிடேஸ் என்னும் நொதி இந்தக் கன்றுகளில் ஏறக்குறைய இல்லை என்பதே அவர்கள் கண்ட உண்மை. ஆகையால் நோய்க்கு மானோஸிடோஸிஸ் என்று பெயர் வழங்கலாயிற்று. இதே குறை மனிதக் குழந்தைகளிலும் உண்டு என்பதை ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் ஓக்கெர்மான் என்பவர் 1967-இல் கண்டிருந்தார்.

உயிரணுவிலுள்ள குப்பைக்குழி

நொதி என்பது யாது, அது இல்லாவிட்டால் நேரும் கெடுதல் யாது என்பதைக் குடியானவர்கள் தங்கள் வீட்டுக் குப்பைக்குழியைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

மாட்டின் உடல் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும் பழைய பொருள்கள் ஓயாமல் கழிக்கப்பட்டுப் புதியவை அமைக்கப்படுகின்றன. கழிபொருள்களை வாங்கிச் சிதைத்து, மறுபடி உபயோகிக்கத்தக்க சிறு கூறுகளாகச் செய்வதற்கென்றே உயிரணுவுக்குள் சிறு பைகள் இருக்கின்றன. 1955-ஆம் ஆண்டில் பெல்ஜியம் தேசத்துக் கிறிஸ்டியன் தெ தூவ் என்னும் அறிஞர் இவற்றுக்கு லைஸோஸோம் என்று பெயரிட்டார். உயிரணுவின் அமைப்பைப்பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1974-இல் வேறு இருவருடன் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பைகளில் பலவகை நொதிகள் உள்ளன. ஒவ்வொரு நொதிக்கும் ஒவ்வொரு வேலை. ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. நம் குப்பைக்குழியில் சாணமும் தழையும் சருகும் மக்கி எருவாகிவிடுகின்றன. தென்னை மட்டை மட்டும் மக்காமல் நின்றுவிட்டால் வருஷா வருஷம் அதுவே சேர்ந்து குழியை அடைத்துவிடும் அல்லவா? அதுபோலவே, ஒரு நொதி இல்லாவிட்டால் அது சிதைக்கவேண்டிய பொருள் மட்டும் பையில் தேங்கிக்கொண்டே வரும். ஆல்பா மானோஸிடேஸ் என்பது புரதங்களோடு ஒட்டியுள்ள சர்க்கரைச் சங்கிலிகளிலிருந்து மானோஸ் என்னும் சர்க்கரையை அறுத்தெடுக்கும் நொதி. அது இல்லாத கன்றில் அறுபடாத துண்டுகள் ஒவ்வோர் உயிரணுவிலும் சேர்ந்து பைகளை வீங்கச் செய்கின்றன. பூதக்கண்ணாடியில் தெரிந்த குமிழ்கள் இவையே.

தேக்கம் உடலெங்கும் ஏற்பட்டாலும் மூளைக்கே அதிக சேதம். இரத்தத்திலுள்ள அணுக்கள் அழிந்து புதிதாக உண்டாகும். மூளை நரம்பணுக்களோ பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. கன்று பிறக்கும்போது தேக்கம் குறைவாயிருப்பதால் வெளிக்குத் தெரிவதில்லை. நாள் செல்லச் செல்லத் தேக்கம் மிகுந்து நோய் வெளிப்படுகிறது. முளையில் தெரியாத நோய் பின்னர்த் தெரிவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய நோய்களுக்குப் பொதுவாக லைஸோஸோம் தேக்க நோய்கள் என்று பெயர்.

குறை சந்ததிக்குச் செல்லும் வழி

ஒவ்வொரு நொதியையும் உண்டாக்குவதற்கான கட்டளை, ஜீன் என்னும் பரம்பரைக் கூறில் இருக்கிறது. கன்றுக்கு ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதிகளாக வாய்க்கிறது: ஒன்று தாயினிடமிருந்து, மற்றொன்று தந்தையினிடமிருந்து. இரண்டில் ஒன்று பழுதாயிருந்தாலும் மற்றொன்று வேலை செய்வதால் நொதி ஏறக்குறையப் பாதியளவு உண்டாகும். பாதியளவே போதுமானது, மாட்டுக்கு நோய் இல்லை. ஆயினும் அந்த மாடு பழுதான பிரதியை மறைவாகத் தாங்கி நிற்கிறது. அத்தகைய மாட்டை இங்கே 'தாங்கி' என்று அழைப்போம்.

தாங்கியான காளை தாங்கியான பசுவைச் சேர்ந்தால் மட்டுமே நோய்க்கன்று பிறக்க இடமுண்டு. அப்பொழுதும் சராசரியாக நான்கு கன்றுகளில் ஒன்றே இரண்டு பழுதுகளையும் பெற்று நோய்ப்படும். இரண்டு கன்றுகள் தாங்கிகளாகும். ஒன்று முழுதும் சுத்தமாயிருக்கும். ஆகவே நோய்க்கன்று ஒன்று பிறந்தால் குற்றம் பசுவினுடையது மட்டுமோ, காளையினுடையது மட்டுமோ அல்ல. இருபுறத்திலிருந்தும் ஒவ்வொரு பழுது வந்தாலன்றி நோய் உண்டாகாது. பசுவின் ராசி சரியில்லை என்று விற்றுவிட்டு, அதே காளையை மற்றப் பசுக்களுக்கு விடுவதில் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

காளையின் பங்கு பெரிது

பசு தன் ஆயுளில் ஈனும் கன்றுகள் சிலவே. காளையோ நேரிற் சேர்வதானால் வருஷத்துக்குப் பல பத்துக் கன்றுகளுக்கும், அதன் விந்து உறைய வைக்கப்பட்டுச் சினை ஊசியாகப் போடப்படுமானால் ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கும் தந்தையாகும். ஆகையால் பழுது பரவும் வழி பெரும்பாலும் காளையே.

நியூஸிலாந்தில் நோயைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய காலத்தில் ஆங்கஸ் மாடுகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து தாங்கிகளாக இருந்தன. அத்தகைய மந்தையில் தாங்கியான காளை ஒன்றை விட்டால், பத்தில் ஒரு பசு தாங்கி, அவ்வகைப் பசுக்களின் கன்றுகளில் நான்கில் ஒன்று நோயாளி என்ற கணக்கில், 40 கன்றுகளுக்கு ஒன்றே நோய்ப்படும். அந்த ஒன்றையும் பாம்பு கடித்தது என்றோ பூச்சி விழுந்தது என்றோ எண்ணி மறந்துவிடக்கூடும். ஆனால் எஞ்சிய கன்றுகளில் ஏறக்குறையப் பாதி தாங்கிகளாகி, அடுத்த தலைமுறைக்குப் பழுதைக் கொண்டு செல்கின்றன.

நெருங்கிய உறவில் சேர்க்கும்போது கணக்கு வேறாகிறது. தாங்கியான காளையைச் சுத்தமான பசுக்களோடு சேர்த்துப் பிறந்த கிடாரிகளில் பாதி தாங்கிகளாயிருக்கும். அதே காளையை அக்கிடாரிகளுக்கே விட்டால் எட்டுக் கன்றுகளில் ஒன்று நோய்ப்படும். அக்காளையின் மகனை, அதே காளைக்குப் பிறந்த கிடாரிகளுக்கு விட்டால் பதினாறில் ஒன்று. நல்ல ஜாதி கலையாமல் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு நெருங்கிய உறவிலேயே சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைப்பது அவசியம்.

காளை தாங்கியா அல்லவா என்பதை முற்காலத்தில் கன்று போட்டே பார்க்கவேண்டியிருந்தது. தாங்கி என்று நிச்சயமாகத் தெரிந்த பசுக்களுக்கு விட்டுத் தொடர்ந்து 11 கன்றுகள் நோயின்றி வளர்ந்தால், காளை சுத்தமானது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நம்பலாம். சொந்தக் கிடாரிகளுக்கு விட்டுச் சோதிப்பதானால் 23 கன்றுகள் வேண்டும். இதற்குச் செல்லும் வருஷங்களையும் செலவையும் எண்ணிப் பார்த்தால், சாதாரணக் குடியானவருக்கு இது ஆகாத காரியம் என்பது தெரியும்.

நியூஸிலாந்தில் நோயை ஒடுக்கிய விதம்

தாங்கி மாட்டில் நொதி பாதியளவே இருக்கும் என்று மேலே சொன்னோம். டாக்டர் ஜாலியும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்தப் பாதியளவையே கருவியாகக் கொண்டனர். சிறிதளவு இரத்தம் எடுத்து, அதன் தெளிநீரில் ஆல்பா மானோஸிடேஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளந்தால், தாங்கியையும் சுத்தமான மாட்டையும் பெரும்பாலும் பிரித்தறிய முடிந்தது. அளவு இரண்டுங்கெட்டானாக நிற்கும் மாடுகளை மறுபடி சோதித்தார்கள். இந்த அடிப்படையில் 1970-ஆம் ஆண்டுகளில் நியூஸிலாந்திலும், பின்னர் ஆஸ்திரேலியாவிலும் ஆங்கஸ் மாடுகளுக்கும், ஆங்கஸ் காளைகளைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் உண்டாக்கப்பட்ட மர்ரே கிரே ஜாதிக்கும் சோதனைகள் நடைபெற்றன.

இத்திட்டத்தில் கவனிக்கத்தக்க விஷயங்கள் மூன்று.

முதலாவது, தேசத்திலுள்ள எல்லா மாடுகளையும் சோதிக்க அவர்கள் முற்படவில்லை. வம்சப் பதிவுள்ள மந்தைகளிலிருந்தே மற்ற மந்தைகளுக்குக் காளைகள் செல்கின்றன. ஆகையால் பதிவு மந்தைகளைச் சுத்தம் செய்தால் ஊற்றுக்கண்ணைச் சுத்தம் செய்ததாகும். ஓடை தானாகவே தெளியும் என்று கருதினர்.

இரண்டாவது, தாங்கியான பசுக்களைக் கொன்று குவிக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சுத்தமான காளையை மட்டும் உபயோகித்தால் நோய்க்கன்று ஒன்றுகூடப் பிறக்காது. அதோடு, தாங்கிகளின் தொகையும் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். நூற்றுக்குப் பத்தாக இருந்தது கன்றுகளில் ஐந்தாகி, அடுத்த தலைமுறையில் இரண்டரையாகி, ஓசையின்றித் தேய்ந்துவிடும். பசு தன் ஆயுள் முழுவதும் கன்று ஈன்று பயன் தந்துகொண்டேயிருக்கலாம்.

மூன்றாவது, தாங்கி என்று தெரிந்த காளையானாலும் அதன் மற்ற நற்குணங்களை இழந்துவிடவேண்டுவதில்லை. சோதனையில் சுத்தமானவை என்று தெரிந்த பசுக்களுக்கு மட்டும் அதனை விட்டு, பிறக்கும் காளைக்கன்றுகளைச் சோதித்துச் சுத்தமானதைப் பொலிக்கு வைத்துக்கொண்டால், நல்ல இரத்தம் நிற்கும், பழுது நீங்கும். தாங்கி என்பது மாட்டின் பெயருக்கு ஏற்பட்ட களங்கமல்ல. அதை மறைத்து விற்பதே வாங்குபவருக்குச் செய்யும் தீங்கு.

நொதியை அளக்கும் சோதனைக்குப் பின்னர் அதைவிட நிச்சயமான வழியும் ஏற்பட்டது. 1997-இல் ஆங்கஸ் மாட்டின் ஜீனில் பழுதுள்ள இடம் இன்னதென்று கண்டுபிடிக்கப்பட்டது. காலவே என்னும் ஸ்காட்லாந்து ஜாதியிலும் இந்நோய் உண்டு. ஆனால் அதன் பழுது அதே ஜீனில் வேறோர் இடத்தில் இருப்பதும் அப்பொழுதே தெரியவந்தது. இதனால் ஒரு ஜாதிக்கு அமைத்த ஜீன் சோதனை மற்றொரு ஜாதிக்கு அப்படியே பயன்படாது என்பதை அறியலாம். ஜீன் சோதனைக்கு வாலிலிருந்து வேரோடு பிடுங்கிய சில மயிர்களே போதும். இரட்டைக் கன்றாகப் பிறந்த மாடுகளுக்கு இரத்தத்தைவிட மயிரே உகந்தது. ஏனெனில் கருவிலிருக்கும்போதே இரட்டையர்களின் இரத்தம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், ஒன்றின் இரத்தத்தில் மற்றதன் அணுக்களும் இருந்து சோதிப்பவரை ஏமாற்றக்கூடும்.

மற்ற ஜாதிகளில் காணும் இவ்வகை நோய்கள்

ஆல்பா மானோஸிடேஸ் ஒன்றில் மட்டுமே குறை ஏற்படுவதாக எண்ணலாகாது. லைஸோஸோமில் உள்ள ஒவ்வொரு நொதிக்கும் இத்தகைய குறை ஏற்பட இடமுண்டு. கால்நடைகளில் நன்கு ஆராயப்பட்ட சிலவற்றை மட்டும் இங்கே குறிப்போம்.

பிராமன் ஜாதி மாடுகளில், உடலில் சேமித்து வைத்த மாச்சர்க்கரையைச் சிதைக்கும் ஆல்பா குளுகோஸிடேஸ் என்னும் நொதி இல்லாமற் போவதுண்டு. கன்று வளர்ச்சி குன்றி, தசைகள் தளர்ந்து, தள்ளாடி, ஒரு வயதுக்கு முன்னரே பெரும்பாலும் இறந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஷார்ட்ஹார்ன் மாடுகளில் இந்நோய் 1977-லும், பிராமன் மாடுகளில் 1981-லும் விவரிக்கப்பட்டது. இரு ஜாதிகளிலும் பழுதுகள் வெவ்வேறு என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனிதரில் இதே நோயை 1932-இல் ஹாலந்து தேசத்து வைத்தியர் போம்பெ விவரித்தார். 1963-இல் ஹெர்ஸ் என்பவர் நொதிக் குறையே அதன் காரணம் என்று காட்டினார். லைஸோஸோம் நோய் என்று முதலில் அறியப்பட்டது இதுவே. பிராமன் என்பது நம் நாட்டு ஓங்கோல், கிர், காங்கரேஜ் முதலிய திமிலுள்ள மாடுகளைக் கொண்டு அமெரிக்காவில் உண்டாக்கி, 1933-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜாதி. சில மாடுகளிலிருந்து பெரும் மந்தையைப் பெருக்கும்போது, அச்சிலவற்றில் ஒன்று தாங்கியாயிருந்தாலும் பழுது பல்கிவிடும் என்பதை இதனால் உணரலாம்.

ஆங்கிலோ நூபியன் என்பது இங்கிலாந்து தேசத்து வெள்ளாடுகளோடு நம் நாட்டு ஜம்னாபாரி முதலிய கீழ்நாட்டுக் கிடாக்களைச் சேர்த்து உண்டாக்கிய நீண்ட காதுள்ள ஜாதி. இதில் இருவிதக் குறைகள் அறியப்பட்டுள்ளன. ஒன்று பீட்டா மானோஸிடேஸ் குறை. இதனால் நோயுற்ற குட்டி பிறந்தது முதலே எழுந்து நிற்கமாட்டாது, கண்கள் துடிக்கும், உடல் நடுங்கும், காதும் கேளாது. அமெரிக்காவில் 1981-இல் இதன் காரணம் கண்டறியப்பட்டது. மனிதரில் இந்தக் குறை 1986-இல்தான் தெரியவந்தது. இவ்விஷயத்தில் ஆடே வைத்தியர்களுக்கு வழிகாட்டியாயிற்று. பிரான்ஸ் தேசத்து ஸலேர் ஜாதிக் கன்றுகளிலும் இதே குறை உண்டு. மற்றொன்று, குட்டியின் வளர்ச்சியைக் குன்றச் செய்து நடையைத் தாமதப்படுத்தும் ஒருவகைச் சர்க்கரைத் தேக்கம், 1992-இல் விவரிக்கப்பட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் சோதிக்கப்பட்ட நூபியன் ஆடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இதன் தாங்கியாக இருந்தது. குட்டி மெலிவதற்குப் புழுவும் தீனியுமே காரணம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தியாயிற்று.

இந்நோய்கள் எதற்கும் கால்நடைகளில் சிகிச்சை இல்லை. மனிதரில் சிலவற்றுக்கு இல்லாத நொதியை ஊசி மூலம் செலுத்தும் சிகிச்சை ஏற்பட்டிருக்கிறது. போம்பெ நோய்க்கு 2006-லும், ஆல்பா மானோஸிடோஸிஸுக்கு ஐரோப்பாவில் 2018-லும் அனுமதி வழங்கப்பட்டது. அதன் செலவு மிக அதிகம், கன்றுக்குச் செய்யத்தக்கதன்று.

களைச்செடியால் வரும் அதே நோய்

நம் குடியானவர்கள் மிகவும் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய பகுதி இது. பரம்பரைக் குறை ஒன்றுமில்லாத ஆடு மாடுகளுக்கும் ஏறக்குறைய இதே நோய் தீனியின் மூலம் வருவதுண்டு.

ஆஸ்திரேலியாவில் ஸ்வைன்ஸோனா என்னும் ஒருவகை அவரையினச் செடியைத் தொடர்ந்து தின்னும் ஆடு மாடுகள் தலை நடுங்கித் தள்ளாடி மெலிவதை மேய்ப்போர் நெடுங்காலமாக அறிவர். மேற்கு அமெரிக்காவில் லோக்கோ என்னும் செடிகளைத் தின்னும் குதிரைகளும் மாடுகளும் இவ்வாறே பாதிக்கப்படுகின்றன. 1979-இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் மேற்படிச் செடியிலிருந்து ஸ்வைன்ஸோனைன் என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நஞ்சு ஆல்பா மானோஸிடேஸ் நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நொதி இருந்தும் வேலை செய்யாது. உயிரணுவில் அதே சர்க்கரை தேங்குகிறது. அதே குமிழ்கள், அதே நடுக்கம்.

இந்த நஞ்சு நம் ஊர்களிலேயே மலிந்து கிடக்கும் ஒரு செடியிலும் உண்டு. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புதர் புதராக மண்டி, வெளிறிய ஊதா கலந்த சிவப்புப் பூப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கே அது. பெயரில் ஆமணக்கு என்றிருந்தாலும் இது சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. வெட்டிப் போட்ட தண்டும் துளிர்க்கும் இயல்புடையது. இதைத் தின்ற வெள்ளாடுகளுக்கு லைஸோஸோம் தேக்க நோய் ஏற்படுவதை மொஸாம்பிக் தேசத்தில் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பிரேஸில் தேசத்திலும் வறட்சிக் காலங்களில் ஆடு மாடுகள் இதனால் நஷ்டமாகின்றன.

வேறு பசுமை இருக்கும்வரையில் ஆடுகள் இச்செடியை அவ்வளவாக விரும்புவதில்லை. கோடையில் மேய்ச்சல் காய்ந்து, இது மட்டும் பச்சையாக நிற்கும்போது தின்னத் தொடங்குகின்றன. பழகிவிட்டால் பின்னர் தேடிப்போய்த் தின்னும். ஒருநாள் ஒருவாய் தின்பதால் இந்நோய் வருவதில்லை. வாரக்கணக்கில் தின்பதாலேயே வருகிறது. பின்கால்கள் வலுவிழந்து, தலை நடுங்கி, உடல் மெலியும். ஆரம்பத்திலேயே செடியினின்று விலக்கினால் தேறக்கூடும். முற்றிவிட்டால் நரம்பணுக்களின் சேதம் நீங்குவதில்லை. சினையாடு தின்றால் வயிற்றிலுள்ள குட்டிக்கும் கேடு.

ஆகையால் தலை நடுங்கும் நோய் கண்டால் பரம்பரையோ செடியோ என்று பிரித்தறிவது முக்கியம். செடியினால் வந்ததாயின் சேர்ந்து மேய்ந்தவற்றில் பெரியதும் சிறியதுமாகப் பல ஒரே பருவத்தில் பாதிக்கப்பட்டிருக்கும். வேறு வேறு தந்தைக்குப் பிறந்தவையும் அவற்றில் இருக்கும். பரம்பரையால் வந்ததாயின் பெரிய மாடுகள் சுகமாயிருக்க, கன்றுகளில் அல்லது குட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒரே காளை அல்லது கிடாவின் சந்ததியில், வருஷத்துக்கு வருஷம் தோன்றும். முன்னதற்குக் களையை வெட்டி வேரோடு அகற்றவேண்டும். பின்னதற்குக் காளையை மாற்றவேண்டும். ஒன்றுக்குரிய பரிகாரத்தை மற்றொன்றுக்குச் செய்தால் பணமும் காலமும் வீணாகும்.

நம் மந்தைகளில் செய்யத்தக்கவை

தலை நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டவுடன் பரம்பரை நோய் என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் நாட்டில் இவற்றுக்கு வேறு காரணங்களே அதிகம். வெறிநோய், மூளையில் தங்கும் நாடாப்புழுவின் கட்டி, தீனியில் தாமிரம் முதலிய தாதுக் குறைவு, மூளைக்காய்ச்சல் ஆகியவை அவற்றுட் சில. ஆகையால் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுமாறு வளர்ப்போரைக் கேட்டுக்கொள்கிறோம்.

1. நரம்பு நோய் கண்ட மாட்டின் அல்லது ஆட்டின் வாயில் கையை விட்டுப் பார்க்கவேண்டாம். வெறிநோயாக இருக்கலாம். தனியே கட்டிவைத்துக் கால்நடை வைத்தியருக்கு உடனே சொல்லியனுப்பவேண்டும்.

2. கன்று அல்லது குட்டி இறந்தால் காரணம் தெரியாமல் புதைத்துவிடாமல், வைத்தியர் பார்வையிட ஏற்பாடு செய்யவேண்டும். மூளையிலும் நிணக்கட்டியிலும் குமிழ்கள் உண்டா என்பதைப் பூதக்கண்ணாடியால்தான் அறிய முடியும். தாமதித்தால் மூளை கெட்டுவிடும்.

3. ஒவ்வொரு கன்றுக்கும் தாய், தந்தை, பிறந்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். சினை ஊசி போட்டால் உறைவிந்துக் குழலில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். இறந்த கன்றுகளையும் எழுதவேண்டும். இரண்டு நோய்க்கன்றுகளுக்கு ஒரே தந்தை என்பதை ஞாபகசக்தி காட்டாது; நோட்டுப் புஸ்தகமே காட்டும்.

4. காளையை அதன் கிடாரிகள் பருவத்துக்கு வருமுன் மாற்றிவிடவேண்டும். வெள்ளாடு வளர்ப்போர் தம் பட்டியில் பிறந்த கிடாவையே பொலிக்கு விடும் வழக்கம் பல கிராமங்களில் இருக்கிறது. தாய், தமக்கை, தங்கை எல்லாம் அதே பட்டியில் இருப்பதால் மேலே கண்ட கணக்கின்படி மறைந்திருக்கும் பழுது வெளிப்பட இது நேர்வழி. தூரத்து ஊரிலிருந்து கிடா வாங்குவதும், இருவர் தம் கிடாக்களை மாற்றிக்கொள்வதும் அதிகச் செலவில்லாத காரியம்.

5. ஒரே காளையின் சந்ததியில் ஒரேவித அடையாளத்தோடு இரண்டு கன்றுகள் நோயுற்றால், காரணம் தெரியும்வரை அக்காளையைப் பொலிக்கு நிறுத்திவைக்கவேண்டும். நோய்க்கன்றை ஈன்ற பசுவை விற்கவேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை உறவில்லாத வேறு காளையைச் சேர்த்தால் போதும்.

6. வெளிநாட்டு இரத்தம் கலந்த காளைகளின் விந்தை வாங்கும்போது பரம்பரை நோய்களுக்குச் சோதிக்கப்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. நம் நாட்டு உறைவிந்து நிலையங்களுக்கு வகுக்கப்பட்ட தர விதிகளில், பிளாட், சிட்ருலினீமியா முதலிய சில குறைகளுக்குப் பொலிகாளைகளைச் சோதிக்கவேண்டுமென்று விதிக்கப்பட்டிருக்கிறது. இவை லைஸோஸோம் நோய்கள் அல்ல. ஆயினும் மறைவில் தாங்கப்பட்டு, காளையின் மூலம் பரவும் விதத்தில் அவற்றுக்கு ஒப்பானவை.

7. மேய்ச்சல் நிலத்திலும் ஏரிக்கரையிலும் உள்ள நெய்வேலிக் காட்டாமணக்கைக் கோடைக்கு முன்னரே வேரோடு களையவேண்டும். வெட்டிய தண்டுகளை நீரோரத்தில் போடாமல் உலர்த்தி எரித்துவிடவேண்டும். இதைத் தனி ஒருவர் செய்வதைவிட ஊரார் கூடிச் செய்வதே பலன் தரும்.

மேலே சொன்னவற்றைச் சுருக்கிச் சொன்னால், நொதிக்குறை நோய் கன்றின் தவறுமல்ல, தீனியின் தவறுமல்ல. இரண்டு மாடுகள் அறியாமல் தாங்கிவந்த பழுது ஒரு கன்றில் சந்தித்ததன் விளைவு. அதைக் குணப்படுத்த வழியில்லை. வராமல் தடுக்க எளிய வழியுண்டு. நியூஸிலாந்து ஆங்கஸ் வளர்ப்போர் ஒரு சிறு இரத்தச் சோதனையையும் ஒழுங்கான வம்சப் பதிவையும் கொண்டே தங்கள் ஜாதியிலிருந்து இந்த நஷ்டத்தை அகற்றினர். நாம் கைக்கொள்ள வேண்டியவை நோட்டுப் புஸ்தகமும், உறவில்லாத காளையும், சுத்தமான மேய்ச்சலுமே. இம்மூன்றும் ஒவ்வொரு குடியானவரின் சக்திக்கும் உட்பட்டவை. பசுவுக்கு நல்ல தீனி போடுவதில் நாம் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கையேனும் அதற்குச் சேர்க்கும் காளையின் வரலாற்றை விசாரிப்பதில் காட்டினால், கொட்டிலில் பிறக்கும் கன்று வளர்ந்து பயன் தருமென்பதில் ஐயமில்லை.